திரையில் தெரியும் இலக்கமும் அதன் பின்னே மறைந்திருக்கும் விற்பனையாளரும்

ஐக்கிய அமெரிக்காவில் தொலைபேசி மணி ஒலித்தால் அதனை எடுக்காமல் விட்டுவிடுவது இன்று பலருக்குப் பழக்கமாகிவிட்டது. அந்நாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5,000 கோடி தன்னியக்க அழைப்புகள் விடுக்கப்படுவதாக, இவ்வழைப்புகளைக் கணக்கிட்டு வரும் தனியார் நிறுவனமொன்று மதிப்பிடுகின்றது. மருத்துவரைச் சந்திக்க வேண்டிய நாளை நினைவூட்டுவது போன்ற நியாயமான அழைப்புகளும் இத்தொகையில் அடங்கும். ஆயினும் கேளாமலே வந்து எதையாவது விற்க முனைவனவும், விற்பனை என்ற பெயரில் பணம் பறிக்க முனைவனவும் அதில் பெரும் பங்கு. இவற்றுள் மிக மோசமானவை, அழைப்பவரின் உண்மையான இலக்கத்தை மறைத்து வேறோர் இலக்கத்தைத் திரையில் காட்டுபவையாகும்.

இதனை வெறும் தொந்தரவு என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 ஆம் ஆண்டில் கொவிட் நோய்த் தொற்று பரவியபோது, நோயாளியுடன் பழகியவர்களைத் தேடி எச்சரிப்பதற்காக அமெரிக்க சுகாதாரத் திணைக்களங்கள் ஆயிரக்கணக்கான பணியாளர்களை அமர்த்தின. அவர்கள் எடுத்த அழைப்புகளில் கணிசமானவை பதிலின்றியே போயின. அறிமுகமற்ற இலக்கம் என்றால் விற்பனையாளர் அல்லது மோசடிக்காரர் என்று மக்கள் முடிவு செய்திருந்தமையே அதற்கு ஒரு முக்கிய காரணம். பொய்யான அழைப்பு ஒருவரது பணத்தைக் கவர்வதோடு நின்றுவிடாது, உண்மையான அழைப்பின் மதிப்பையும் கெடுத்துவிடுகின்றது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

அழைப்பவரின் இலக்கத்தைக் காட்டும் வசதி அமெரிக்காவில் 1980 களின் பிற்பகுதியில் பொதுமக்களுக்குக் கிடைக்கலாயிற்று. மணி முதல் தடவை ஒலித்து இரண்டாம் தடவை ஒலிப்பதற்கு இடைப்பட்ட கணத்தில் அழைப்பவரின் இலக்கம் தரவாக அனுப்பப்பட்டு, தொலைபேசியோடு இணைந்த சிறு திரையில் தோன்றும். அக்காலத்தில் தொலைபேசி வலையமைப்பு ஒரு சில பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தது. எந்தக் கம்பி எந்த வீட்டுக்குச் செல்கின்றது என்பதை அவை அறிந்திருந்தன. ஆகவே ஒரு நிறுவனம் 'இந்த அழைப்பு இன்ன இலக்கத்திலிருந்து வருகின்றது' என்று சொன்னால் மற்ற நிறுவனம் அதனை அப்படியே ஏற்றுக்கொண்டது. சரிபார்ப்பதற்கென்று தனியொரு முறை வகுக்கப்படவில்லை. அன்று அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

இணையத்தின் ஊடாகக் குரலை அனுப்பும் முறை 2000 ஆம் ஆண்டின் பின்னர் மலிவாகியதும் இந்நிலைமை தலைகீழாக மாறியது. ஒரு கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் எவரும் ஆயிரக்கணக்கான அழைப்புகளை ஒரே வேளையில் விடுக்கலாம். அழைப்போடு செல்லும் தகவலில் அனுப்புநர் இலக்கம் என்பது நிரப்பப்பட வேண்டிய ஓர் இடம் மாத்திரமே. தபால் உறையின் பின்புறத்தில் அனுப்புபவர் தாம் விரும்பிய முகவரியை எழுதிவிடலாம் அல்லவா? தபால்காரர் அந்த முகவரி உண்மையா என்று விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. தொலைபேசித் திரையில் தெரியும் இலக்கத்தின் நம்பகத்தன்மையும் நீண்ட காலமாக அவ்வளவுதான்.

இலக்கத்தை மாற்றிக் காட்டுவது எல்லா வேளைகளிலும் குற்றமாகாது என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். மருத்துவர் ஒருவர் தமது சொந்தத் தொலைபேசியிலிருந்து நோயாளியை அழைக்கும்போது மருத்துவமனையின் இலக்கத்தைக் காட்டலாம். குடும்ப வன்முறைக்கு அஞ்சி ஓடிவந்த பெண்களுக்குப் புகலிடம் அளிக்கும் இல்லம் தனது இலக்கத்தை வெளிக்காட்டாதிருக்கலாம். இதனாலேயே 2010 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த அழைப்பாளர் அடையாள உண்மைச் சட்டம் இலக்கத்தை மாற்றுவதை முற்றாகத் தடை செய்யவில்லை. ஏமாற்றும் நோக்கத்துடனோ, தீங்கு விளைவிக்கும் நோக்கத்துடனோ, பெறுமதியான எதனையும் முறைகேடாகப் பெறும் நோக்கத்துடனோ அவ்வாறு செய்வதையே அது குற்றமாக்கியது.

இதற்கு முன்னரும் சட்டங்கள் இல்லாமலில்லை. 1991 ஆம் ஆண்டின் தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முன்கூட்டியே பதிவு செய்யப்பட்ட குரலைக் கொண்டு சம்மதமின்றி அழைப்பதைத் தடுத்தது. அச்சட்டத்தை மீறிய ஒவ்வோர் அழைப்புக்கும் 500 டொலரும், வேண்டுமென்றே மீறியிருந்தால் 1,500 டொலர் வரையும் கோரிப் பாதிக்கப்பட்டவரே நீதிமன்றம் செல்லலாம். 2003 ஆம் ஆண்டில் 'அழைக்க வேண்டாம்' என்ற தேசியப் பதிவேடு திறக்கப்பட்டது. இன்று அதில் 25 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன. எனினும் அரசியல் பிரசாரம், அறக்கொடை நிறுவனங்கள், கருத்துக் கணிப்புகள் ஆகியன அப்பதிவேட்டுக்குக் கட்டுப்பட்டவையல்ல. அதைவிட முக்கியமானது, சட்டத்தை மதிக்கும் விற்பனையாளரை மாத்திரமே ஒரு பதிவேட்டினால் நிறுத்த முடியும் என்பதாகும்.

மோசடிக்காரர் அதனை எவ்வாறு நோக்குகின்றார் என்பதற்கு ஒரு வழக்கு நல்ல உதாரணம். பிரபல மருத்துவக் காப்புறுதி நிறுவனங்களின் பெயரைச் சொல்லி 2019 ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஏறத்தாழ 100 கோடி அழைப்புகளை விடுத்த டெக்ஸாஸ் மாநில விற்பனையாளர்களுக்கு, சமஷ்டி தொடர்பாடல் ஆணைக்குழு 2021 மார்ச்சில் 22 கோடியே 50 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. அவர்களுள் ஒருவர், நாளொன்றுக்குப் பல மில்லியன் அழைப்புகளை விடுத்ததாகவும், 'அழைக்க வேண்டாம்' பதிவேட்டில் உள்ளவர்களை அழைப்பதே அதிக இலாபம் தரும் என்று கருதி அவர்களையே தேடி அழைத்ததாகவும் ஒப்புக்கொண்டிருந்தார். தொல்லை வேண்டாம் என்று விண்ணப்பித்தவர்களின் பட்டியலே தொல்லை கொடுப்பவருக்கு நல்ல வாடிக்கையாளர் பட்டியலாகத் தோன்றியிருக்கிறது!

இத்தகைய விற்பனையாளர்கள் அதிகம் கையாளும் உத்தி, அழைக்கப்படுபவரின் இலக்கத்தோடு ஒத்த முதல் ஆறு இலக்கங்களைக் கொண்ட பொய் இலக்கத்தைக் காட்டுவதாகும். அமெரிக்கத் தொலைபேசி இலக்கத்தில் முதல் மூன்று இலக்கங்கள் பிரதேசத்தையும் அடுத்த மூன்று இலக்கங்கள் உள்ளூர்ப் பரிவர்த்தனை நிலையத்தையும் குறிப்பன. ஆகவே அழைப்பைப் பெறுபவர், அயலவரோ பிள்ளை படிக்கும் பாடசாலையோ அழைப்பதாக எண்ணித் தொலைபேசியை எடுக்கின்றார். 2016 இன் கடைசி மூன்று மாதங்களில் இவ்வாறு 9 கோடியே 60 இலட்சம் அழைப்புகளை விடுத்த புளோரிடா வாசி ஒருவருக்கு 2018 மே மாதத்தில் 12 கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. பிரபல ஹோட்டல்களினதும் பயண நிறுவனங்களினதும் பெயரில் விடுமுறைச் சலுகை என்று தொடங்கிய அவ்வழைப்புகள் வேறு விற்பனையாளர்களிடம் திருப்பிவிடப்பட்டன. மருத்துவமனைகளுக்கு அவசரச் செய்திகளைக் கொண்டு செல்லும் பேஜர் சேவையொன்றும் அவற்றால் தடைப்பட்டதாக முறையிட்டிருந்தது.

பொய் இலக்கத்துக்கு இன்னொரு பலிக்கடாவும் உண்டு. மோசடிக்காரர் காட்டும் இலக்கம் பெரும்பாலும் யாரோ ஓர் அப்பாவியினுடையது. அழைப்பைத் தவறவிட்டவர்களும் அதனால் ஆத்திரமுற்றவர்களும் அந்த இலக்கத்துக்குத் திருப்பி அழைக்கின்றனர். தம்மிடமிருந்து எந்த அழைப்பும் செல்லவில்லை என்று அவர் எத்தனை பேரிடம் விளக்குவார்? தொல்லை தந்த இலக்கத்தைத் தொலைபேசியில் தடை செய்வதும் இதனாலேயே அதிகம் பயன் தருவதில்லை. மோசடிக்காரர் அடுத்த அழைப்பில் வேறோர் இலக்கத்துக்கு மாறிவிடுவார்; தடை செய்யப்பட்டவரோ உண்மையாகவே நம்மை அழைக்க வேண்டிய ஓர் அயலவராக இருக்கலாம்.

மிகப் பெரிய தண்டம் 2023 ஓகஸ்டில் விதிக்கப்பட்டது. மோட்டார் வாகனங்களுக்கு உத்தரவாத நீடிப்பு விற்பதாகக் கூறி, 2021 ஆம் ஆண்டில் மூன்று மாதங்களுக்குள் 500 கோடிக்கு மேற்பட்ட அழைப்புகளை 50 கோடிக்கு மேற்பட்ட தொலைபேசிகளுக்கு விடுத்த ஒரு வலையமைப்புக்கு ஏறத்தாழ 30 கோடி டொலர் தண்டம் அறிவிக்கப்பட்டது. அவர்கள் மாறிமாறிக் காட்டிய பொய் இலக்கங்கள் 10 இலட்சத்துக்கும் அதிகம்.

இத்தண்டப் பணம் அரசுக்குக் கிடைத்ததா என்பது வேறு கதை. 2015 ஆம் ஆண்டிலிருந்து 20 கோடியே 84 இலட்சம் டொலர் தண்டம் விதித்த ஆணைக்குழு, அதில் 6,790 டொலரை மாத்திரமே அறவிட்டிருந்ததாக 2019 மார்ச்சில் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் பத்திரிகை வெளிப்படுத்தியது. தண்டம் விதிக்கும் அதிகாரம் ஆணைக்குழுவுக்கு உண்டெனினும், அதனை நீதிமன்றத்தின் மூலம் அறவிடும் பொறுப்பு நீதித் திணைக்களத்தினுடையது. குற்றவாளிகளோ கையில் பணமில்லாதவர்களாக அல்லது நாட்டுக்கு வெளியே இருப்பவர்களாக இருந்துவிடுகின்றனர். கோடிக்கணக்கில் விதிக்கப்பட்ட தண்டம் செய்தித் தலைப்பாக நின்றதேயன்றி எவரையும் அச்சுறுத்தவில்லை.

ஆனால் அந்த வாகன உத்தரவாத வழக்கில் வேறொரு பாடமும் உண்டு. தண்டம் விதிப்பதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 2022 ஜூலையில், அந்த வலையமைப்பின் அழைப்புகளை ஏற்றிச் செல்லக்கூடாது என்று ஆணைக்குழு தொலைபேசி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அதன் பின்னர் அவ்வகை அழைப்புகள் 99 சதவீதம் குறைந்துவிட்டதாக ஆணைக்குழு கூறுகின்றது. அழைப்பவரைத் துரத்திப் பிடிப்பதற்கு ஆண்டுகள் கழிந்தன. அழைப்பு வரும் வாசலை அடைப்பதற்குச் சில மாதங்களே போதுமாயிருந்தன. ஒவ்வோர் அழைப்பும் ஏதோ ஒரு நிறுவனத்தின் வழியாகவே வலையமைப்பினுள் நுழைகின்றது. அந்நிறுவனம் அதற்குக் கட்டணமும் பெறுகின்றது. எங்கிருந்து வருகின்றது என்று கேளாமல் அழைப்புகளை ஏற்றுக்கொள்ளும் சிறு நிறுவனங்கள் இருக்கும்வரை மோசடிக்காரருக்கு வழி திறந்தே இருக்கும்.

இதனை உணர்ந்தே அமெரிக்கக் கொங்கிரஸ் 2019 இன் இறுதியில் புதியதொரு சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி 2021 ஜூன் 30 முதல் பெரிய நிறுவனங்கள் ஒவ்வோர் இணையவழி அழைப்புக்கும் மின்னியல் முத்திரை ஒன்றை இட வேண்டும். வாடிக்கையாளரையும் அவருக்கு அந்த இலக்கத்தைக் காட்ட உரிமை உண்டு என்பதையும் நிறுவனம் அறிந்திருந்தால் முதலாம் தர முத்திரை. வாடிக்கையாளரை அறிந்து இலக்கத்தின் உரிமையை அறியாவிட்டால் இரண்டாம் தரம். அழைப்பு எங்கிருந்து தன் வலையமைப்பினுள் நுழைந்தது என்பதை மாத்திரம் அறிந்திருந்தால் மூன்றாம் தரம். அழைப்பைப் பெறும் நிறுவனம் இம்முத்திரையைச் சரிபார்த்துப் பெறுநருக்கு எச்சரிக்கை காட்டலாம். பெரும் பதிவுத் தபாலில் தபாலதிபரின் முத்திரை இடப்படுவதைப் போன்ற ஏற்பாடு இது.

முத்திரை இடுபவர் நேர்மையானவராக இல்லாவிட்டால் முத்திரையால் என்ன பயன் என்பது 2024 ஜனவரியில் தெரியவந்தது. நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்தில் ஜனாதிபதி வேட்பாளர் தெரிவுக்கு இரு நாட்கள் இருக்கையில், வாக்களிக்க வேண்டாம் என்று அப்போதைய ஜனாதிபதி ஜோ பைடனின் குரலில் வாக்காளர்களுக்கு அழைப்புகள் வந்தன. குரல் செயற்கை நுண்ணறிவினால் உருவாக்கப்பட்டது. திரையில் தெரிந்த இலக்கம் உள்ளூர் அரசியல் பிரமுகர் ஒருவருடையது. அந்தப் பொய் அழைப்புகளுக்கு அவற்றை ஏற்றிச் சென்ற நிறுவனம் முதலாம் தர முத்திரையையே இட்டிருந்தது. அழைப்புகளை ஏற்பாடு செய்தவருக்கு 60 இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. நிறுவனம் 10 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. செயற்கைக் குரலில் சம்மதமின்றி அழைப்பதும் 1991 ஆம் ஆண்டின் சட்டத்துக்குள் அடங்கும் என்று ஆணைக்குழு 2024 பெப்ரவரியில் அறிவித்தது. 2025 ஓகஸ்டில், தன்னியக்க அழைப்புகளைத் தடுக்க எடுத்துள்ள நடவடிக்கைகளை முறையாக அறிவிக்கத் தவறிய 1,200 இற்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஆணைக்குழுவின் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. அவ்வாறு நீக்கப்பட்ட நிறுவனத்தின் அழைப்புகளை ஏனைய நிறுவனங்கள் ஏற்கலாகாது. வாசலைக் காக்கும் கொள்கை தாமதமாகவேனும் வலுப்பெற்று வருவதன் அடையாளம் இது.

ஏனைய நாடுகளும் தத்தமக்கேற்ற வழியை நாடியுள்ளன. கனடா 2021 நவம்பர் இறுதியில் முத்திரை முறையைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் அம்முறையை இப்போதைக்கு மேற்கொள்வதில்லை என்று 2024 பெப்ரவரியில் தீர்மானித்து, வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டே பிரிட்டிஷ் இலக்கத்தைக் காட்டும் அழைப்புகளைத் தடுப்பதில் கவனம் செலுத்துகின்றது. இந்தியாவும் அதே வழியில் 2024 ஒக்டோபரில் ஒரு முறைமையை ஆரம்பித்தது. வெளிநாட்டிலிருந்து இந்திய இலக்கத்தோடு வந்த 1 கோடியே 35 இலட்சம் பொய் அழைப்புகள் முதல் 24 மணித்தியாலத்தில் மாத்திரம் தடுக்கப்பட்டதாக அந்நாட்டு அரசு தெரிவித்தது.

இவையெல்லாம் தூர தேசத்து விவகாரம் என்று நமது வாசகர்கள் எண்ணத் தேவையில்லை. ரொரன்ரோவிலும் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் நம்மவர்களின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் வாழ்கின்றனர். அங்கு விற்பனை அழைப்போடு கூடவே வருவது அரச அதிகாரியின் பெயரிலான மிரட்டல் அழைப்பு. அமெரிக்க வருமான வரித் திணைக்கள அதிகாரிகளாகவும் குடிவரவு அதிகாரிகளாகவும் நடித்து, கைது செய்வோம், நாடு கடத்துவோம் என்று அச்சுறுத்திப் பணம் பறித்த அழைப்பு நிலையங்கள் இந்தியாவில் மும்பாயை அடுத்த தானே பகுதியில் 2016 ஒக்டோபரில் முற்றுகையிடப்பட்டன. இவ்வகை மோசடியில் சம்பந்தப்பட்ட 21 பேருக்கு 2018 ஜூலையில் அமெரிக்க நீதிமன்றம் 20 ஆண்டுகள் வரையிலான சிறைத்தண்டனை விதித்தது. கனடாவில் வருமான வரி முகவரகத்தின் பெயரில் நிகழ்ந்த இதே மோசடி தொடர்பில் 2020 பெப்ரவரியில் பிரம்ப்டன் நகரில் ஒரு தம்பதியினர் கைதாயினர். மொழி சரளமாகத் தெரியாத, குடியுரிமை இன்னும் உறுதிப்படாத, அரச அதிகாரி என்றாலே அஞ்சிப் பழகிய முதியவருக்கு 'நாடு கடத்துவோம்' என்ற சொல் எத்தகைய நடுக்கத்தைத் தரும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொருவரும் செய்யக்கூடியவை சிலவற்றை இங்கு தொகுத்துரைப்பது பொருத்தமாகும்.

முதலாவது, திரையில் தெரியும் இலக்கத்தையோ பெயரையோ ஆதாரமாகக் கொள்ளக்கூடாது. வெளிநாட்டிலுள்ள உறவினர் மலிவான தொலைபேசி அட்டையில் அழைக்கும்போது முன்பின் அறியாத இலக்கம் தெரிவதை நாமே கண்டிருக்கிறோம். உறவினரின் அழைப்புக்கு அவ்வாறு நேரும் என்றால் அந்நியரின் அழைப்புக்கும் நேரும்.

இரண்டாவது, அறியாத இலக்கத்தைக் குரல் பதிவுக்கு விட்டுவிடலாம். முக்கியமான காரியமாயின் அழைத்தவர் செய்தி வைப்பார். எனினும் மருத்துவமனையிலிருந்தோ பாடசாலையிலிருந்தோ அழைப்பை எதிர்பார்த்திருப்பவர், அறியாத அழைப்புகள் யாவற்றையும் மௌனமாக்கும் வசதியை அந்நாட்களில் நிறுத்தி வைப்பது நன்று.

மூன்றாவது, தவறி எடுத்துவிட்டால் பேச்சுக் கொடுக்காது வைத்துவிட வேண்டும். 'இனி அழைக்காதிருக்க ஒன்பதை அழுத்துங்கள்' என்று பதிவுக் குரல் கூறினாலும் அழுத்தக்கூடாது. இந்த இலக்கத்தில் ஓர் ஆள் இருக்கின்றார், அவர் செவிமடுக்கின்றார் என்ற தகவலே விற்பனையாளருக்கு அதனால் கிடைக்கின்றது. மரியாதைக் குறைவாகிவிடுமே என்று தயங்கத் தேவையில்லை; பொய் முகவரியோடு வாசலுக்கு வந்தவரிடம் விடைபெறும் மரியாதையைக் கடைப்பிடிக்க வேண்டிய கடப்பாடு எவருக்கும் இல்லை.

நான்காவது, வங்கி என்றோ அரச திணைக்களம் என்றோ எவரேனும் அழைத்தால், அழைப்பை முடித்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறத்திலோ பட்டியலிலோ அச்சிடப்பட்டுள்ள இலக்கத்துக்கு நாமே அழைக்க வேண்டும். திரையில் தெரிந்த இலக்கத்துக்கோ, அழைத்தவர் தந்த இலக்கத்துக்கோ அல்ல. பிரிட்டனில் வாழ்வோர் 159 என்ற இலக்கத்தை அழுத்திப் பெரும்பாலான வங்கிகளை நேரடியாக அடையலாம். வரி நிலுவைக்குப் பரிசு அட்டைகள் வாங்கி அவற்றின் இலக்கங்களைச் சொல்லுமாறு எந்த அரசாங்கமும் கேட்பதில்லை.

ஐந்தாவது, குரல் பதிவுப் பெட்டிக்கு இரகசிய இலக்கம் ஒன்றை இட வேண்டும். சில சேவைகளில் உரிமையாளரின் இலக்கத்திலிருந்தே அழைப்பு வருவதாகக் காட்டினால் பெட்டி கேளாமலே திறந்துகொள்ளும். இலக்கத்தைப் போலியாகக் காட்டத் தெரிந்தவருக்கு அது எளிதான காரியம்.

ஆறாவது, முறைப்பாடு செய்ய வேண்டும். ஒரு முறைப்பாட்டினால் அழைப்பு நின்றுவிடாது என்பது உண்மையே. ஆயினும் அழைப்பு வந்த நாளும் நேரமும் தெரிந்தால், அது எந்தெந்த நிறுவனங்களின் ஊடாக வந்தது என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் சென்று நுழைவாசலைக் கண்டறிய முடியும். அமெரிக்காவில் நிறைவேற்றப்பட்ட பெரும் நடவடிக்கைகள் இவ்வாறான தடம் பிடித்தலின் விளைவுகளே.

இத்தனையையும் கடைப்பிடித்தாலும் பிரச்சினை முற்றாகத் தீராது. பெறுநர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சொல்வது எளிது. ஆனால் அந்த எச்சரிக்கையின் பாரம், அதனைச் சுமக்க ஆகக் குறைந்த வலுவுடையவர்கள் மீதே விழுகின்றது: தனித்து வாழும் முதியவர்கள், அந்நிய மொழியில் தடுமாறுபவர்கள், அதிகாரத்துக்கு அஞ்சுபவர்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் கட்டணம் பெறும் நிறுவனம், அதனை விடுத்தவர் யார் என்று அறிந்திருக்கக் கடமைப்பட்டது என்ற கோட்பாட்டை அமெரிக்கா வந்தடைவதற்கு முப்பது ஆண்டுகள் சென்றன. நமது நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. அந்தச் சட்டத்தைச் செயற்படுத்துவோரும் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்துவோரும் அந்த முப்பது ஆண்டு அனுபவத்தை மீண்டும் முதலிலிருந்து பட்டறிய வேண்டியதில்லை. தண்டப் பட்டியலை நீட்டுவதைவிட, அழைப்புகள் நுழையும் வாசல்களுக்குப் பொறுப்பாளரை நியமிப்பதே பயன் தரும். அதுவரை, கடல் கடந்து வாழும் தாய் தந்தையரோடு அடுத்த முறை பேசும்போது, திரையில் தெரியும் இலக்கத்தை நம்ப வேண்டாம் என்ற ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொல்லி வைப்பது நம் ஒவ்வொருவராலும் இயலக்கூடியதே.